வீட்டுக்கடன் போடப் போற நேரத்துல புது கிரெடிட் கார்டு: வாங்கலாமா, தள்ளிப் போடலாமா?

போரூர்_வாடகைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மேடவாக்கம் பக்கம் ரீசேல் ஃபிளாட் ஒண்ணு 68 லட்சத்துக்குப் பேசி முடிச்சிருக்கோம். டோக்கன் மட்டும் கொடுத்திருக்கேன், அக்ரிமென்ட் அடுத்த மாசம். அதுக்கப்புறம் லோன் லாகின், அதாவது வங்கியில விண்ணப்பம் போடறது. கைக்கு வர்ற சம்பளம் எனக்கு 92,000, மனைவிக்கு 38,000. ரெண்டு பேரும் சேர்ந்துதான் லோன் போடறோம், 54 லட்சம் வேணும். கார் லோன் ஈஎம்ஐ 11,400 ஓடிட்டு இருக்கு.

என்கிட்ட இருக்கிறது ஒரே கார்டு, லிமிட் 60,000. மாசாமாசம் 45,000 வரை அதுல செலவு பண்ணி, பில் வந்ததும் முழுசா கட்டிடுவேன். சம்பளக் கணக்கு இருக்கற வங்கி இப்ப 4 லட்சம் லிமிட்ல வாழ்நாள் இலவசம்னு புதுக் கார்டு ஒண்ணு தர்றேன்னு தினம் மெசேஜ் போடறாங்க. பண்டிகை சேல்ல அந்தக் கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. புது வீட்டுக்கு ரெண்டு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாம் சேர்த்தா 1,92,000 வருது. 12 மாசம் நோ காஸ்ட் ஈஎம்ஐ போட்டுக்கலாம்னு பாக்கறேன். தள்ளுபடியே 19,000 ரூபாய்க்கு மேல. விடவும் மனசில்ல, பயமாவும் இருக்கு. சிபில், அதாவது என் கடன் ஸ்கோர், 761. எடுக்கலாமா?

கோயம்பேடு_சந்தை:
வேணாம் ப்ரோ. பத்திரம் பதிஞ்சு சாவி கைக்கு வர்ற வரைக்கும் புதுசா எந்தக் கடன் பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க. அவ்வளவுதான்.

அண்ணாநகர்_ரைடர்:
எல்லாரும் சும்மா பூச்சாண்டி காட்டறாங்க. நான் வீட்டுலோன் வாங்கின அதே வருஷம் மூணு கார்டு எடுத்தேன். ஸ்கோர் கொஞ்சம் இறங்கி ரெண்டு மூணு மாசத்துல பழைய இடத்துக்கே வந்துடுச்சு. பேங்க்ல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. சொல்லப்போனா உங்களுக்குப் புதுக் கார்டு நல்லதுதான். 60,000 லிமிட்ல 45,000 செலவுன்னா 75 சதவீதம் யூஸேஜ். 30-க்குள்ள இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? லிமிட் 4,60,000 ஆனா அதே செலவு 10 சதவீதத்துக்குள்ள வந்துடும். கண்ணை மூடிட்டு எடுங்க.

பழைய_கிளை_மேலாளர்:
ரைடர் தம்பி சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதனால அதை முதல்ல ஒத்துக்கறேன். ஒரு புதுக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டா வங்கி உங்க ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்த்துச்சுன்னு சிபில்ல ஒரு விசாரணை பதிவாகும், ஸ்கோர் சில புள்ளி இறங்கும், அப்புறம் ஏறிடும். 761 இருக்கறவருக்கு இதனால மட்டும் வீட்டுக்கடன் நின்னு போகாது. நம்ம ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பாக்கறதுக்கு ஒரு புள்ளிகூட இறங்காது, அந்தப் பயமும் வேண்டாம்.

ஆனா கடன் மேசையில உட்கார்ந்து ஃபைல் பாக்கறவன் ஸ்கோரை மட்டும் பாக்கறதில்ல. ரிப்போர்ட்டைப் பிரிச்சு கடைசிப் பக்கத்துல விசாரணைப் பட்டியலுக்குத்தான் முதல்ல போவான். எந்தத் தேதியில, எந்த வங்கி, எவ்வளவு தொகைக்கு, என்ன வகைக் கடனுக்குக் கேட்டுச்சுன்னு அதுல வரிசையா இருக்கும். கடன் கிடைச்சுதா, மறுத்தாங்களான்னு அந்தப் பட்டியல்ல இருக்காது. அங்கதான் சிக்கல். ரெண்டு மாசத்துல நாலஞ்சு விசாரணை இருந்து, அதுக்கேத்த கணக்கு ஒண்ணும் திறக்கலைன்னா, எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அவனே ஒரு முடிவுக்கு வந்துடுவான். லோன் ஏஜென்ட் சில பேர் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே ஒரே வாரத்துல அஞ்சு வங்கியில லாகின் பண்ணி விட்டுடுவாங்க. புதுக் கார்டைவிட அது பெரிய தொல்லை. பான் நம்பரை யார்கிட்ட கொடுக்கறோம்னு பாத்துக் கொடுங்க. மால்ல மேஜை போட்டு பேனா நீட்டறவங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொண்ணு. இப்ப நிறைய வங்கியில வீட்டுக்கடன் வட்டியே சிபில் அடுக்கைப் பொறுத்து மாறுது. 750-க்கு மேலே ஒரு வட்டி, அதுக்குக் கீழே வேற வட்டின்னு வெச்சிருக்கற வங்கிகள் உண்டு. நீங்க 761. கோட்டுக்கு 11 புள்ளி தூரத்துல நிக்கறீங்க. 810-ல இருக்கறவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா எடுத்துக்கோங்கன்னு விட்டிருப்பேன்.

வட்டிக்கணக்கு:
மேலாளர் சார் சொன்ன அந்தக் கோட்டுக்கு ஒரு தொகை போட்டுப் பார்ப்போம். 54 லட்சம், 20 வருஷம், கணக்குக்கு 8.5 சதவீதம் வெச்சுக்கறேன். ஈஎம்ஐ சுமார் 46,860. கால் சதவீதம் கூடினா சுமார் 47,720. மாசம் 860 ரூபாய் வித்தியாசம், வட்டி அப்படியே நிக்குதுன்னு வெச்சுக்கிட்டா 240 மாசத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வைக்கிற அடிப்படை வட்டி, ஏறும், இறங்கும். அது எல்லாருக்கும் பொது. ஆனா நம்ம ஸ்கோரைப் பார்த்து அதுக்கு மேல வங்கி வைக்கிற ரிஸ்க் பங்கு அவ்வளவு சுலபமா மாறாது.

ஆனா என்னைக் கேட்டா ஸ்கோர் ரெண்டாம் பட்சம். அந்த 1,92,000 ஈஎம்ஐதான் வில்லங்கம். யாரும் அதைத் தொடவே இல்ல.

வங்கி எஃப்ஓஐஆர்னு ஒரு கணக்கு பாக்கும். கைக்கு வர்ற வருமானத்துல எல்லா ஈஎம்ஐயும் சேர்த்து எத்தனை சதவீதம்னு. வங்கிக்கு வங்கி மாறும், 50-லேர்ந்து 60 வரை விடுவாங்க. 50-ன்னே வைங்க. உங்க ரெண்டு பேர் வருமானம் 1,30,000. பாதி 65,000.

இப்ப இருக்கற நிலைமை: கார் 11,400. கார்டு பாக்கி 45,000-ல 5 சதவீதத்தை மாசக் கடமையா எடுக்கற வங்கிகள் இருக்கு, அது 2,250. மிச்சம் 51,350. அந்த ஈஎம்ஐக்கு 59 லட்சம் வரை லோன் வரும். உங்களுக்கு வேண்டியது 54. தாராளம்.

ஏசி, ஃபிரிட்ஜ் வாங்கினப்புறம்: தள்ளுபடியைக் கழிக்காம 12 மாசத்துக்கு 16,000 ஈஎம்ஐ. வீட்டுக்கடனுக்கு மிச்சம் 35,350. லோன் 40 லட்சத்து சொச்சம். 13 லட்சம் துண்டு விழுது. முடியப் போற ஈஎம்ஐயைச் சில வங்கி கணக்குல சேர்க்காம விடும், ஆனா இப்பதான் ஆரம்பிச்ச 12 மாச ஈஎம்ஐயை விடச் சொல்லி யார்கிட்ட கேப்பீங்க?

19,000 தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 13 லட்சம் எங்க போய்ப் புரட்டுவீங்க? மாசம் ஆயிரம் ரூபாய் ஈஎம்ஐ கூடினா இந்த வட்டியில லோன் தகுதி ஒரு லட்சத்து பதினஞ்சாயிரம் குறையும். இதை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க.

போரூர்_வாடகைக்காரன்:
வட்டிக்கணக்கு அண்ணா, கும்பிடறேன். நோ காஸ்ட்னா வங்கி அதைக் கடனாவே பாக்காதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

வட்டிக்கணக்கு:
வட்டியை யார் கட்டறாங்கங்கறதுலதான் அந்த 'நோ காஸ்ட்' இருக்கு. உங்க பக்கம் அது கடன்தான். கடையில ஃபைனான்ஸ் கம்பெனி மூலமா போட்டா சிபில்ல நுகர்பொருள் கடன்னு தனி வரியாவே வரும். கார்டுல போட்டா கார்டு பாக்கியில வந்து உட்காரும். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி பல சமயம் நம்ம தலையிலதான் விழும், பில்லைக் கவனிச்சுப் பாருங்க.

அண்ணாநகர்_ரைடர்:
ஈஎம்ஐ கணக்கு சரி, அதுல நான் வாதம் பண்ணல. ஆனா கார்டை எடுத்து சும்மா வெச்சுட்டா? எந்தச் செலவும் பண்ணாம லிமிட்டை மட்டும் ஏத்திக்கலாமே. யூஸேஜ் இறங்கும்ல.

பழைய_கிளை_மேலாளர்:
இறங்கும். ஆனா அதுக்குப் புதுக் கார்டு எதுக்கு? இருக்கற கார்டுலயே பில் போடறதுக்கு முன்னாடி பணத்தைக் கட்டிடுங்க. 45,000 செலவாகியிருந்தா பில் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி 40,000 கட்டுங்க. பில்லுல 5,000 தான் பாக்கின்னு வரும். 2025 ஜனவரியிலேர்ந்து வங்கிகள் குறைஞ்சது 15 நாளைக்கு ஒருதடவை தகவல் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதனால மாசம் முழுக்கவே பாக்கி குறைவா இருக்கற மாதிரி பாத்துக்கிட்டா போதும், லாகினுக்குள்ள ரிப்போர்ட்ல தெரிஞ்சுடும். காசு செலவில்ல, விசாரணை இல்ல, புதுக் கணக்கும் இல்ல. புதுக் கார்டு வந்தா உங்க கணக்குகளோட சராசரி வயசும் குறையும், அதையும் மறக்காதீங்க.

ஓசூர்_டீச்சர்:
எல்லாரும் அவர் சிபிலையே பாத்துட்டு இருக்கீங்க. வீட்டம்மாவும் கூட்டு விண்ணப்பதாரர்தானே? அவங்க ரிப்போர்ட் எடுத்துப் பாத்தீங்களா தம்பி? எங்க வீட்ல அவர் ஸ்கோர் 790. என்னோடது பாத்தா அம்மா வீட்டு நகையை வெச்சு எடுத்த நகைக்கடன் ரெண்டு, ஒண்ணுல வட்டி கட்டாம நாள் தள்ளிப்போனது அப்படியே பதிவாகியிருந்தது. நகையைத் திருப்பியாச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டு இருந்தோம். நகைக்கடனும் சிபில்ல வரும்னு நம்ம பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. அதே மாதிரி மச்சான், கொழுந்தன்னு யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அதுவும் ஜாமீன்தாரர்னு அவங்க பேர்ல காட்டும்.

போரூர்_வாடகைக்காரன்:
மேடம், அவங்களுக்கு இதுவரைக்கும் கடனே கிடையாது. கார்டும் இல்ல. அப்ப அவங்க பேர்ல ஒரு கார்டு எடுத்து ஹிஸ்டரி உருவாக்கிக்கலாமான்னு இன்னொரு யோசனை வருது.

ஓசூர்_டீச்சர்:
ஆறு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். ஒரு கார்டு எடுத்து ரெண்டு மாசம் பில் கட்டினா பெருசா ஸ்கோர் ஒண்ணும் வந்துடாது. ஹிஸ்டரி இல்லாத கூட்டு விண்ணப்பதாரர் வங்கிக்குப் புதுசு இல்ல, சம்பளச் சீட்டு ஒழுங்கா இருந்தா போதும். அப்படியே விடுங்க.

கோயம்பேடு_சந்தை:
எஃப்டி மேல கார்டு தருவாங்களே, வீட்டம்மா பேர்ல அது எடுக்கலாமே?

வட்டிக்கணக்கு:
அந்த எஃப்டியை உடைச்சுத்தான் டவுன் பேமென்ட்டே கட்டணும் நம்மாளு! 68 லட்சத்துல வங்கி 80 சதவீதம்தான் தரலாம், 30-லேர்ந்து 75 லட்சம் வரையிலான லோனுக்கு அதுதான் உச்சம். அதுவும் வங்கி மதிப்பீட்டாளர் போடற விலையும் அக்ரிமென்ட் விலையும் எது குறைவோ அதுல. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் லோன்ல சேராது. முழு விலைக்கும் பத்திரம் போட்டா அதுவே 6,12,000. ஆக கையில கிட்டத்தட்ட 20 லட்சம் ரொக்கமா வேணும், புரோக்கர் கமிஷன், லீகல் ஒப்பீனியன், எம்ஓடி (பத்திரத்தை வங்கியில அடமானமா வைக்கற பதிவு) செலவெல்லாம் தனி. 50 லட்சத்துக்கு மேல விலைங்கறதால 1 சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரியைப் பிடிச்சு நீங்கதான் கட்டணும். அது விற்கறவர் பணத்துலேர்ந்து போறது, ஆனா மறந்தா அபராதம் உங்களுக்கு.

டல்லாஸ்_தமிழன்:
இங்க ஒரு சின்னக் குறிப்பு. யூடியூப்ல அமெரிக்கக்காரங்க சொல்றதைக் கேட்டுட்டு, வீட்டுலோனுக்கு எத்தனை வங்கியில கேட்டாலும் ஒரே விசாரணையாத்தான் கணக்குன்னு சில பேர் நம்பறாங்க. இங்க அமெரிக்காவுல ஃபைகோங்கற கடன் ஸ்கோர்ல 45 நாளுக்குள்ள வர்ற வீட்டுக்கடன் விசாரணைகளை ஒண்ணா எடுத்துக்கற வழக்கம் உண்டு, பழைய வடிவத்துல 14 நாள். அதை நம்பி நம்ம ஊர்ல நாலு வங்கியில அப்ளை பண்ணாதீங்க. ஆனா ஒரு விஷயம் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்: குளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறற நாளுக்கு, சில நாள் முன்னாடி இங்க ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாப்பாங்க. அந்த இடைவெளியில சோபா செட் கடனுக்கு வாங்கி மாட்டிக்கிட்டவங்க கதை இங்க ஏகப்பட்டது.

பழைய_கிளை_மேலாளர்:
நல்ல வேளை சொன்னீங்க சார், அதைத்தான் எழுத வந்தேன். சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் ஒப்புதல் கடிதம், வந்ததும் லோன் முடிஞ்சுதுன்னு நம்மாளுங்க நேரா கடைக்குப் போயிடுவாங்க. அந்த லெட்டரைத் திருப்பிப் பாருங்க. உங்க நிதி நிலைமை மாறினா வங்கி மறுபரிசீலனை செய்யலாம்னு ஒரு ஷரத்து சின்ன எழுத்துல இருக்கும். லீகல், வேல்யுவேஷன்ல தாமதமாகி ஒண்ணு ரெண்டு மாசம் இழுத்துட்டா, பணம் விடறதுக்கு முன்னாடி சிபிலை இன்னொரு தடவை இழுத்துப் பாக்கறது உண்டு.

போரூர் தம்பி, இதுல உங்களுக்கு நிஜமான ஆபத்து அந்த அக்ரிமென்ட்தான். அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கப் போறீங்க? மூணு மாசத்துக்குள்ள கிரயம் முடிக்கலைன்னா அட்வான்ஸ் போச்சுன்னு எழுதற வழக்கம் நிறைய இருக்கு. லோன் குறைஞ்சு வந்தா விற்கறவருக்கு அதைப் பத்தி என்ன கவலை? லோன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்பத் தரணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி இப்பவே பேசுங்க. கார்டு கேள்வியை விட இந்த வரி உங்களுக்கு முக்கியம்.

போரூர்_வாடகைக்காரன்:
அட்வான்ஸ் 5 லட்சம் கேக்கறாங்க சார். அந்த வரியைப் பத்தி இன்னைக்கே புரோக்கர்கிட்ட பேசறேன்.

முழு ரிப்போர்ட்டும் எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒருதடவை இலவசமாவே தர்றாங்க, இத்தனை நாள் ஆப்ல வர்ற ஸ்கோர் நம்பரை மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன். அதுல ஒரு அதிர்ச்சி. முதல் வேலையில இருந்தப்ப ஒரு வங்கி கொடுத்த கார்டு, கம்பெனி மாறினப்பவே மூடச் சொல்லி மெயில் போட்டிருந்தேன். அது இன்னும் 'ஆக்டிவ்'னு இருக்கு. பாக்கி 590 ரூபாய். அதுக்கு நேரா மாசக் கட்டம் கட்டமா தாமத நாள் எண்ணிக்கை 30, 60, 90-ன்னு ஏறிட்டே போகுது. இதோட 761 எப்படி வந்துதுன்னே புரியல.

வட்டிக்கணக்கு:
590-ன்னா பாத்தாலே தெரியுது. வருடாந்திரக் கட்டணம் 500, அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி 90.

பழைய_கிளை_மேலாளர்:
புதுக் கார்டைத் தூக்கி ஓரமா வைங்க, இதை முதல்ல முடிங்க. ஃபைல் பாக்கறவன் கண்ணுல 590-ங்கற தொகை படாது, 90-ங்கற நாள்தான் படும்.

அந்த வங்கிக்கு எழுத்துல புகார் கொடுங்க, மூடச் சொன்ன பழைய மெயிலை இணைச்சு. 2022 ஜூலையிலேர்ந்து இருக்கற ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னா 7 வேலை நாள்ல மூடணும், தவறினா நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரணும். உங்க மெயில் அதுக்கு முந்தினதா பிந்தினதான்னு பாத்துக்கோங்க. கூடவே சிபில் தளத்துலயும் தகராறு பதிவு பண்ணுங்க. அது 30 நாள்ல தீரணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மத்த மூணு நிறுவனத்துலயும், அதாவது எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்ல என்ன இருக்குன்னு பாருங்க. உங்க வீட்டுக்கடன் வங்கி எதைப் பாக்கும்னு நமக்குத் தெரியாது.

முக்கியமா ஒண்ணு. வசூல் ஆள் யாராவது போன் போட்டு 300 கொடுங்க, செட்டில் பண்ணிக்கலாம்னு சொன்னா சம்மதிக்காதீங்க. ரிப்போர்ட்ல 'செட்டில்டு'னு விழுந்துடும், முழுசா கட்டலைன்னு அர்த்தம். ஒண்ணு கட்டணத்தை அவங்களே ரத்து பண்ணணும், இல்ல 590-ஐ முழுசா கட்டி 'குளோஸ்டு' ஆக்கணும். ரெண்டுல எதுவானாலும் பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிடுங்க. திருத்தம் ஏறறதுக்குள்ள லாகின் ஆயிட்டா அந்தக் கடிதத்தை ஃபைல்ல வைக்கலாம்.

அண்ணாநகர்_ரைடர்:
சரி, கார்டு வேணாம்னு நானும் கட்சி மாறிட்டேன். ஆனா அந்த ஏசி தள்ளுபடியை விட மனசு வரல. சொந்தக்காரங்க யார் கார்டுலயாவது ஒரே பேமென்ட்டா வாங்கி, பணத்தை அன்னைக்கே அவங்களுக்கு அனுப்பிடுங்க. ஈஎம்ஐ வேணாம்.

போரூர்_வாடகைக்காரன்:
மச்சான்கிட்ட அந்தக் கார்டு இருக்கு. கேட்டேன். அவரும் பெருங்களத்தூர்ல மனை பாத்துட்டு இருக்காராம், இந்த இழையை அனுப்பச் சொல்றார். ஏசி அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, பழைய ஃபிரிட்ஜ் கூடவே வருது.

விற்கறவர் அந்த வரிக்கு ஒத்துக்கிட்டார். ஆனா வங்கி எழுத்துல மறுத்தா மட்டும்னு ஒரு கொக்கி போட்டிருக்கார்.

பழைய_கிளை_மேலாளர்:
அது நியாயமான கொக்கிதான். 'மறுத்தாலோ, கேட்ட தொகையில குறைச்சாலோ'ன்னு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. உங்க வில்லங்கம் ரெண்டாவதுலதான் வரும்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். நான் இன்னும் கட்டுமானம் நடந்துட்டு இருக்கற அபார்ட்மென்ட்ல புக் பண்ணியிருக்கேன், லோன் சாங்ஷன் ஆகி முதல் தவணையும் பில்டருக்குப் போயிடுச்சு. நான் இப்ப கார்டு எடுக்கலாமா?

பழைய_கிளை_மேலாளர்:
ரீசேல்ல பணம் ஒரே தவணையில போயிடும். சார் பதிவாளர் அலுவலகத்துல கையெழுத்தாகற அன்னைக்கே வங்கி ஆள் டிடியோட வந்துடுவார், அதோட முடிஞ்சுது. போரூர்காரர் மறுநாளே கார்டுக்குப் போகலாம். உங்களுக்கு தளம் தளமா ஏற ஏறத்தான் வங்கி பணம் விடும், ஒண்ணு ரெண்டு வருஷம்கூட இழுக்கலாம். அத்தனை நாள் கார்டே எடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு எடுத்தா ஒண்ணோட நிறுத்துங்க, அதுல ஈஎம்ஐ ஏத்தாதீங்க, ஒரு பில்லும் தவறக் கூடாது. கைக்கு வந்த கார்டு தேவையில்லைன்னா ஆக்டிவேட் பண்ணாம விடுங்க. 30 நாள் தாண்டினா வங்கி ஓடிபி கேட்டுச் சம்மதம் வாங்கணும், நீங்க தரலைன்னா செலவில்லாம அவங்களே மூடணும். ஆக்டிவேட் ஆகாத கார்டை சிபிலுக்கு அனுப்பக் கூடாதுன்னும் விதி இருக்கு. விசாரணை மட்டும் பதிவாகியிருக்கும்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:
நன்றி சார். கவர் பிரிக்காம மேஜையிலதான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்.